மீட்டால் மட்டும் போதுமா?

மனிதனை மனிதன் விலைகூறி வாங்கும் வழக்கம் ஒழிந்துபோன பழங்கதை என்று நம் பிள்ளைகள் பள்ளியிற் படிக்கின்றனர். அது ஒழியவில்லை, பெயரையும் உடையையும் மாற்றிக்கொண்டு நம்மிடையே நடமாடுகின்றது. சர்வதேசத் தொழில் தாபனமும் அதனோடு சேர்ந்த நிறுவனங்களும் 2022 ஆம் ஆண்டில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2021 ஆம் ஆண்டில் உலகெங்கும் 2 கோடி 76 இலட்சம் மக்கள் கட்டாய உழைப்பில் அகப்பட்டிருந்தனர். இலங்கைத் தீவின் முழுச் சனத்தொகையிலும் பெரிய தொகை இது.

அத்தொகையுள் நம் நாட்டவரும் அடங்குவர். வீட்டு வேலைக்கென்று சுற்றுலா விசாவில் அனுப்பப்பட்ட இலங்கைப் பெண்கள் ஓமான் நாட்டில் விலைபேசப்பட்ட செய்தி 2022 நவம்பரில் வெளிவந்தது. அது தொடர்பாகக் கைதுசெய்யப்பட்டவருள் நமது தூதரகத்திற் கடமையாற்றிய அதிகாரி ஒருவரும் இருந்தார். கணினி வேலை கிடைக்குமென நம்பிப் புறப்பட்ட இளைஞர்கள் மியன்மாரின் மியாவடிப் பகுதியில் அடைக்கப்பட்டு, இணைய மோசடி செய்யும்படி அடித்து வருத்தப்பட்டனர். 2023, 2024 ஆம் ஆண்டுகளில் அவர்களை மீட்பதற்கு நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது. ஐரோப்பாவுக்கென்று பணம் வாங்கிக்கொண்டு ரஷ்யப் போர்முனைக்கு அனுப்பிவிட்டார்கள் என்று வடக்கிலுள்ள பெற்றோர் கண்ணீரோடு முறையிட்டதையும் 2024 ஆம் ஆண்டிலே நாம் கேட்டோம்.

இவர்களைக் கொண்டுபோனவர்கள் முகமூடி அணிந்த கொள்ளைக்காரர் அல்லர். பெரும்பாலும் ஊரறிந்த ஒருவரே வந்து திண்ணையில் அமர்ந்து, தேநீர் குடித்து, “நானிருக்கிறேன், பயப்படாதே தங்கச்சி” என்று சொல்லிக் கூட்டிச் சென்றார். இதுவே இவ்வியாபாரத்தின் இயல்பு. களவாகக் கடல் கடத்திவிடுவது ஒரு குற்றம். அது எல்லைச் சட்டத்தை மீறுவது. ஆள் வியாபாரம் வேறு. ஏமாற்றியோ பயமுறுத்தியோ இயலாமையைப் பயன்படுத்தியோ ஒருவரைத் திரட்டி, அவரது உழைப்பையும் உடலையும் சுரண்டுவதே ஆள் வியாபாரம். சட்டபூர்வமான கடவுச்சீட்டோடும் விமானச் சீட்டோடும் அது நடக்கலாம். ஒரு எல்லையையும் தாண்டாமல் நம் நாட்டுக்குள்ளேயே நடக்கவுங் கூடும்.

அகப்பட்டவர் ஒருநாள் திரும்பி வருகின்றார். விமான நிலையத்திற் புகைப்படம் எடுக்கப்படுகின்றது. அமைச்சர் ஒருவர் அறிக்கை விடுகின்றார். செய்தியும் முடிந்துவிடுகின்றது. நாம் கேட்பது இதுதான்: மறுநாட் காலையில் அந்த மனிதரின் பக்கத்தில் நிற்பவர் யார்?

கடனோடு போனவர், கடனோடு வருகின்றார்

போனவர் ஏன் போனார் என்பதை அறியாது திரும்பியவருக்கு உதவ முடியாது. நமது கமக்காரருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. 2021 ஆம் ஆண்டில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டபோது வயல் மஞ்சளித்துப்போனதைக் கண்டவர்கள் அவர்கள். விதைநெல்லுக்கும் உழவுக்கும் பட்ட கடன் அப்படியே நின்றது. அதன்பின் வந்த பொருளாதார நெருக்கடி எஞ்சியதையும் விழுங்கிற்று. அடகுக் கடையில் தாலிக்கொடி. வாரந்தோறும் வாசலுக்கு வரும் நுண்கடன் கம்பனிக்காரர். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள். 2022 ஆம் ஆண்டில் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குப் புறப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் நேர்வழியிற் போனவரே. ஆயினும் பசித்தவர் கூட்டமாக நிற்கும் இடத்தில் பொறி வைப்பவனும் வந்து நிற்பான் என்பது உலக வழக்கு.

போனவர் அங்கே அடிபட்டு, சம்பளமின்றித் திரும்புகின்றார். முகவருக்குக் கொடுக்க வாங்கிய கடன் வட்டியோடு வளர்ந்திருக்கின்றது. உடம்பில் நோய், மனத்தில் நடுக்கம். ஊரார் பார்வையோ வேறு. பெண்ணாயின், “அங்கே என்ன நடந்ததோ” என்ற முணுமுணுப்பு வேலிக்கு வேலி தாவுகின்றது. ஆணாயின், “இவ்வளவு காசையும் தொலைத்துவிட்டு வந்தானே” என்ற ஏளனம். இந்நிலையில் அதே முகவரோ அவரது கூட்டாளியோ மீண்டும் வருகின்றார்: “இந்தமுறை நல்ல இடம்.” கடனுக்கும் அவமானத்துக்கும் அஞ்சியவர் மறுபடியும் புறப்படுகின்றார். ஒருமுறை மீட்கப்பட்டவர் இரண்டாம் முறையும் அகப்படுவது இவ்வாறுதான். ஆகவே, மீட்பு என்பது விமானப் பயணத்தோடு முடிவதன்று; அங்கேதான் அது தொடங்குகின்றது.

மூதூர்ச் சிறுமி விட்டுச்சென்ற பாடம்

றிசானா நபீக்கின் பெயரை இந்நாட்டில் அறியாதார் இலர். மூதூரைச் சேர்ந்த ஏழைக் குடும்பத்துப் பெண் அவர். பிறந்த ஆண்டு 1988. கடவுச்சீட்டில் எழுதப்பட்டதோ 1982. பதினேழு வயதுச் சிறுமி ஒரு பேனா முனையால் இருபத்துமூன்று வயதுப் பெண்ணாக்கப்பட்டு, 2005 ஆம் ஆண்டிலே சவூதி அரேபியாவுக்கு அனுப்பப்பட்டார். சில வாரங்களுக்குள் அவரது பராமரிப்பில் விடப்பட்ட கைக்குழந்தை இறந்தது. கொலைக் குற்றம் அவர்மீது சுமத்தப்பட்டது. தமது கையால் அக்குழந்தைக்குத் தீங்கு நேரவில்லை என்று அவர் பின்னர் மறுத்துரைத்தார். 2007 ஆம் ஆண்டில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2013 ஆம் ஆண்டு சனவரி 9 ஆம் திகதி அது நிறைவேற்றப்பட்டது. பிள்ளையை இழந்த அந்தப் பெற்றோரின் துயரத்தை நாம் சிறிதாக எண்ணவில்லை. ஆனால், தண்டனை விதிக்கப்படும் வரையில் அந்தச் சிறுமிக்காகப் பேச ஒரு சட்டத்தரணியும் இருக்கவில்லை என்பதை எண்ணிப் பாருங்கள். அவர் சொன்ன தமிழை அரபியில் மொழிபெயர்த்தவர் சரிவர மொழிபெயர்த்தாரா என்ற ஐயமும் இன்றுவரை தீரவில்லை.

மேன்முறையீடு செய்வதற்கான காலக்கெடு நெருங்கியபோது, சட்டத்தரணிக்குரிய பணத்தைத் திரட்ட முன்வந்தது எது? ஹொங்கொங்கைத் தளமாகக் கொண்ட ஆசிய மனித உரிமைகள் ஆணைக்குழு என்னும் தன்னார்வ நிறுவனம். இலாபம் கருதாத ஒரு சிறு அமைப்பு, முன்பின் அறியாத ஒரு மூதூர்ச் சிறுமிக்காகக் கையேந்திற்று. அதன் முயற்சியால் உயிர் தப்பவில்லை. எனினும் வழக்கு ஆறாண்டுக்கு அண்மித்த காலம் உலகத்தின் கண்முன் நின்றது. அந்த உதவி தீர்ப்புக்குப் பின் வந்தது, விசாரணையின்போதே வந்திருந்தால்? கடவுச்சீட்டில் வயது மாற்றப்பட்ட அன்றே ஊரில் ஒருவர் தடுத்துக் கேட்டிருந்தால்? துணை பிந்தி வந்தால் எவ்வளவு விலை கொடுக்க நேரும் என்பதே அச்சிறுமி நமக்கு விட்டுச்சென்ற பாடம்.

சட்டம் உண்டு; சாட்சி எங்கே?

இந்நாட்டிற் சட்டம் இல்லையென்று கூறுவதற்கில்லை. 2006 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டத்தால் தண்டனைச் சட்டக் கோவை திருத்தப்பட்டு, ஆள் வியாபாரத்துக்கு இரண்டு முதல் இருபது ஆண்டு வரை சிறை விதிக்கப்பட்டுள்ளது. அகப்பட்டவர் குழந்தையாயின் குறைந்தபட்சத் தண்டனை மூன்றாண்டு. ஆள் வியாபாரத்துக்கு எதிரான ஐக்கிய நாடுகளின் 2000 ஆம் ஆண்டு உடன்படிக்கையை இலங்கை 2015 ஆம் ஆண்டில் ஏற்று உறுதிசெய்தது. பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்க 2015 ஆம் ஆண்டிற் சட்டமியற்றி, 2023 ஆம் ஆண்டில் அதற்குப் பதிலாகப் புதிய சட்டமும் கொண்டுவந்தனர். ஏட்டிலே எல்லாம் இருக்கின்றன.

ஆனால் வழக்கு யார் வாயால் நடக்கும்? பாதிக்கப்பட்டவரின் வாயால். அவரோ வவுனியாவுக்கு அப்பாலுள்ள ஒரு குடியேற்றத்தில், அல்லது ஹற்றனுக்கு மேலேயுள்ள ஒரு லயத்தில் இருக்கின்றார். சிறப்பு விசாரணைப் பிரிவு கொழும்பில் இருக்கின்றது. போய்வரப் பேருந்துக் காசு வேண்டும். அன்றைய நாட்கூலி போய்விடும். பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும். போனாலும் சொல்வதைத் தமிழில் எழுதிக்கொள்வார் இல்லை. 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தால் தமிழும் ஆட்சிமொழியாயிற்று என்று அரசியல் யாப்பு சொல்கின்றது. தன் வாழ்விலே நேர்ந்த மிகப் பெரிய கொடுமையைச் சொல்ல வந்த பெண், தனக்கு விளங்காத மொழியில் எழுதப்பட்ட கடதாசியிற் கையொப்பம் வைத்துவிட்டு வருகின்றாளாயின், அந்த ஆட்சிமொழி யாருக்கு? இதற்கிடையே முகவர் ஒரு சிறு தொகையை நீட்டி, “வழக்கை விட்டுவிடு” என்கின்றார். பசித்த பிள்ளைகள் முன்னால் அவள் அதை வாங்கிக்கொள்கின்றாள். அவளைக் குறைகூற நமக்கு என்ன உரிமை உண்டு? தனியாக விடப்பட்ட ஒருவர் வேறு என்ன செய்வார்?

ஐக்கிய நாடுகளின் அந்த உடன்படிக்கையை வகுத்தோர் இதனை முன்னரே உணர்ந்திருந்தனர். இருப்பிடம், சட்ட ஆலோசனை, வைத்தியம், மனநல உதவி, தொழில், கல்வி என்பவற்றைப் பாதிக்கப்பட்டவர்களுக்கு அளிக்கும்போது, அரச சார்பற்ற அமைப்புக்களோடும் சமூகத்தோடும் சேர்ந்து செயற்படுவதை அது வெளிப்படையாகவே குறிப்பிடுகின்றது. அரசாங்கம் சிறைக் கதவைத் திறக்கலாம். பயணச் சீட்டு வாங்கித் தரலாம். ஆனால் நீதிமன்ற வாசலில் ஐந்தாறு ஆண்டு கூட நடந்துவர அரசாங்கத்துக்குக் கால் இல்லை. அதற்கு மக்கள் அமைப்பே வேண்டும்.

நமக்குப் புதியதன்று

இது மேல்நாட்டார் கற்பித்த புதுமை என்று யாரும் எண்ணவேண்டாம். கடனால் மனிதனைக் கட்டும் கொடுமையும், அதனை எதிர்த்து அமைப்புக் கட்டிய பெருமையும் நம் வரலாற்றிலேயே இருக்கின்றன.

கோப்பித் தோட்டக் காலந்தொட்டுத் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கங்காணிகளால் அழைத்துவரப்பட்ட மக்கள், தோட்டத்தில் முதல் நாள் கால்வைக்கும்போதே கடனாளிகளாய் இருந்தனர். வழிச்செலவும் முன்பணமும் அவர்கள் பேரில் எழுதப்பட்டன. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவதாயின் “துண்டு” வேண்டும். இத்தனை ரூபா கடனைத் தீர்ப்பவர் இவர்களைக் கொண்டுபோகலாம் என்று எழுதிய கடதாசிதான் அந்தத் துண்டு. துரைமார் கைமாற்றிக்கொண்டது கடன் கணக்கை, கைமாறியவர்கள் மனிதர்கள். இன்று வளைகுடா நாட்டு எசமானர் ஒருவர், “இவளை விடவேண்டுமாயின் நான் முகவருக்குக் கொடுத்த பணத்தைத் தா” என்று கேட்கும்போது, அவர் கேட்பது அதே துண்டைத்தான்.

அந்தக் கொடுமைக்கு எதிராக எழுந்தவருள் முன்னின்றவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். சிவில் சேவையில் உயர்பதவி வகித்து ஓய்வுபெற்ற அப்பெரியார், 1915 ஆம் ஆண்டில் இலங்கைச் சமூக சேவைச் சங்கத்தையும், 1919 ஆம் ஆண்டில் இலங்கைத் தொழிலாளர் நலவுரிமைச் சங்கத்தையும் தோற்றுவித்தார். படித்தவர்கள் தம் படிப்பையும் ஓய்வு நேரத்தையும் தோட்டத் தொழிலாளிக்குக் கொடுத்த இயக்கம் அது. துண்டு முறை 1921 ஆம் ஆண்டிலே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. வேலையை விட்டு நீங்கிய தொழிலாளியைச் சிறையிட்ட சட்டப் பிரிவுகளும் அக்காலத்தையொட்டியே நீங்கின. அதற்குப் பல காரணங்கள் உண்டு. இந்தியாவில் எழுந்த எதிர்ப்பும் அவற்றுள் ஒன்று. ஆனால் இங்கிருந்து ஆதாரம் திரட்டி, எழுதி, பேசி, இடைவிடாது உறுத்திய ஓர் அமைப்பு இருந்ததும் ஒரு காரணமன்றோ? நூறாண்டுக்கு முன் நம்மவரால் முடிந்தது இன்று முடியாதா?

என்ன செய்யவேண்டும்?

நன்றாகத் தொண்டுசெய்யும் நிறுவனங்கள் நாட்டில் இல்லாமலில்லை. வன்முறைக்கு ஆளான பெண்களுக்குச் சட்ட உதவியும் ஆற்றுப்படுத்தலும் அளித்துவரும் விமென் இன் நீட் அமைப்பு 1987 ஆம் ஆண்டிலே தொடங்கப்பட்டது. சமயத் தொண்டு நிறுவனங்கள் சிலவும் திரும்பி வந்தோர்க்கு உதவுகின்றன. ஆனால் அவற்றின் கை நமது கிராமங்களின் கடைசிக் குடிசை வரை எட்டுவதில்லை. பல திட்டங்கள் வெளிநாட்டு நிதி முடிந்தவுடன் தாமும் முடிந்துவிடுகின்றன. வழக்கு இரண்டாம் தவணையில் நிற்கும்போது உதவ வந்தவரின் அலுவலகம் பூட்டிக்கிடக்குமானால், அந்த உதவி பாதி வழியிற் கைவிட்டதாகவே முடியும்.

ஆகவே, வடக்கு, கிழக்கு, மலையகம் ஆகிய பகுதிகளிலே மாவட்டந்தோறும் நம் சொந்தப் பணத்தில் அடிநிற்கும் இலாபநோக்கற்ற துணை அமைப்பு ஒன்று வேண்டும். தமிழர், முஸ்லிம்கள், மலையக மக்கள் என்ற பேதம் அதனிடம் இருத்தலாகாது. கட்சிக் கொடியும் அதன் வாசலில் வேண்டாம். நமது கட்சிகள் உட்பட எல்லாக் கட்சிகளுக்கும் இதைச் சொல்கின்றோம்.

சட்டத்தரணிகள் ஆண்டுக்கு இரண்டு வழக்கையேனும் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளட்டும். வைத்தியர்கள் மாதத்தில் ஒருநாள் கொடுக்கட்டும். கணக்காளர்கள் அமைப்பின் கணக்கைப் பார்த்து ஆண்டுதோறும் பகிரங்கப்படுத்தட்டும். ஆசிரியர்கள், படிப்பை நிறுத்திய மாணவியின் வீட்டுக்கு முகவர் போகுமுன் தாம் போகட்டும். வங்கியில் உள்ளவர்கள் அந்தக் கடனைத் தவணையிட்டுத் தீர்க்க வழி சொல்லட்டும்.

கமக்காரர் என்ன கொடுப்பது என்று கேட்கலாம். அவர்கள் கொடுப்பதே அடித்தளம். அறுவடைக் காலத்தில் கமக்காரர் அமைப்புக்கள் ஆளுக்கு ஒரு மரைக்கால் நெல் ஒதுக்கினால், திரும்பி வந்த ஒரு குடும்பம் வழக்கு முடியும்வரை பட்டினியின்றி இருக்கும். பசியில்லாத சாட்சியை விலைக்கு வாங்குவது கடினம். கூட்டுறவுச் சங்கங்கள் குறைந்த வட்டியில் ஒரு கடன் நிதியை வைத்திருக்கலாம். சனசமூக நிலையங்களும் மாதர் சங்கங்களும், ஊருக்குள் வரும் முகவரின் அனுமதிப் பத்திரத்தைக் கேட்டுப் பார்க்கலாம். 1985 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்னும் தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து விசாரிக்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடம் ஒரு பிள்ளையின் உயிராகலாம்.

இவ்வமைப்பு சில நியமங்களைக் கண்டிப்பாகக் காக்கவேண்டும். உதவி பெறுபவரின் பெயரும் படமும் வெளியே போகலாகாது. அவரது கண்ணீரைக் காட்டி நிதி சேர்ப்பது இன்னொரு வகை வியாபாரமே. பொலிஸில் முறையிடுவதா இல்லையா என்பதை முடிவுசெய்வது அவரது உரிமை. முறையிட்டாற்றான் சோறு என்று சொல்லலாகாது. ஒரே கதையைப் பத்துப் பேரிடம் திரும்பத் திரும்பச் சொல்லவைக்கலாகாது. பாதுகாப்பு இல்லம் என்றதும் பூட்டிய கதவை நினைப்பதும் தவறு. ஒரு சிறையிலிருந்து வந்தவரை இன்னொன்றில் வைப்பதா? அகப்படுவோர் பெண்கள் மாத்திரமே என்ற எண்ணமும் போகவேண்டும். மியாவடியில் அடிபட்ட இளைஞனுக்கும் தூங்க ஓர் அறையும் பேச ஒரு மனிதரும் தேவை.

அரசாங்கம் கேட்கட்டும்

மக்கள் அமைப்புக் கட்டுவதால் அரசாங்கத்தின் பொறுப்புக் குறைந்துவிடாது. பாதுகாப்பு அமைச்சின் கீழ் அரச சார்பற்ற நிறுவனச் செயலகத்தை வைத்து, தொண்டர்களைச் சந்தேகக் கண்ணோடு பார்த்த காலத்தை நம் மக்கள் மறக்கவில்லை. பாதிக்கப்பட்டவருக்குத் துணைநிற்பவரின் வீட்டுக்குப் புலனாய்வாளர் வருவாராயின், முகவர்தாம் மகிழ்வார். வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் தமிழில் முறைப்பாடு எழுதும் விசாரணை அலுவலர்கள் வேண்டும். தொலைவிலிருந்தே காணொளி மூலம் சாட்சியமளிக்கச் சட்டம் இடமளித்தும் அது ஏழைக்கு எட்டாதிருப்பது ஏன்? வெளிநாட்டிலிருந்து வருவோரின் பணத்தை அந்நியச் செலாவணியாக எண்ணி மகிழும் திறைசேரி, அப்பணத்தில் ஒரு பங்கை அடிபட்டுத் திரும்புவோருக்கு ஒதுக்கக் கூடாதா? தூதரகந்தோறும் தமிழறிந்த தொழிலலுவலர் இருக்கவேண்டும் என்பதும் நமது கோரிக்கை. மூதூர்ச் சிறுமியின் தமிழை யாரும் சரியாகக் கேட்கவில்லை என்ற பழி இனியொருமுறை நேரலாகாது.

நமது வாசகரை நாம் வேண்டுவது இரக்கத்தை அன்று. இரக்கம் செய்தித்தாளை மடித்துவைத்தவுடன் ஆறிவிடும். உங்கள் ஊரிலும் அப்படித் திரும்பி வந்த ஒருவர் இருப்பார். விளக்கேற்றாத ஒரு வீடு உங்கள் கண்ணிலும் பட்டிருக்கும். அந்த வீட்டுக்கு முதலிற் போகின்றவர் முகவராக இருக்கலாகாது. நீங்களாக இருக்கவேண்டும். தனியே போக இயலாவிட்டால், நாலுபேர் சேர்ந்து போங்கள். அந்த நாலுபேர் சேர்வதுதான் அமைப்பு.